சோத்தாங்கைக்காரி

இதைக் கதை என்று நினைத்துப் படிக்க வந்தவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். இது நடந்தது. எனக்கு நடந்தது. தேதியும் மணியும் எழுதிய நோட்டு இன்னும் என் கைப்பையில் இருக்கிறது.

முதலில் என்னைப் பற்றி ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் சந்தேகப் பிராணி. மறைக்க ஒன்றுமில்லை, ஊருக்கே தெரியும். போன வருஷம் என் வீட்டுக்காரருக்கு அடிக்கடி ஒரு பெண் போன் பண்ணினாள். வீட்டுக்காரர் என்றால் என் கணவர். வீட்டுக்குச் சொந்தக்காரர் பின்னால் வருவார், குழப்பிக்கொள்ளாதீர்கள். என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். எங்கேயாவது லிஃப்ட் நின்றுவிட்டால் அவருடைய ஆபீஸிலிருந்து கூப்பிடுவார்கள். அந்தப் பெண்ணின் வேலையே அதுதான். எனக்கு அது தெரியவில்லை. நேராக அவர் ஆபீஸுக்குப் போய், பத்துப் பேர் முன்னால் அந்தப் பெண்ணைக் கிழி கிழி என்று கிழித்துவிட்டு வந்தேன்.

அதற்கப்புறம் எட்டு மாதம் எங்களுக்குத் தனித்தனிப் போர்வை. தேவைக்கு மட்டும்தான் பேச்சு. கடைசியில் அவரேதான் வீடு மாறலாம் என்றார். சாமான் ஏற்றிய வண்டியில் உட்கார்ந்திருக்கும்போது, ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"புது வீடு. புதுசா ஆரம்பிப்போம். ஆனா இன்னொரு தடவை சந்தேகம் அது இதுன்னு வந்தா, என்னால முடியாது. நான் கிளம்பிடுவேன்."

"வாயைத் திறக்க மாட்டேங்க. சத்தியமா."

மனசார சொன்னேன். எனக்கு அந்த மனுஷன் வேண்டும்.

புது வீட்டில் மொத்தம் இருபத்தேழு அட்டைப்பெட்டி. தடி மார்க்கரால் ஒவ்வொன்றிலும் உள்ளே என்ன என்று அவர் எழுதியிருந்தார். சமையல். புத்தகம். குடை, செருப்பு. சாமான் இறக்க வந்தவர்கள் எல்லாவற்றையும் பின்கட்டு அறையில் அடுக்கிவிட்டுப் போனார்கள். ஜன்னலுக்குக் கீழே பதினைந்து. எதிர்ச்சுவரை ஒட்டி, மூன்று வரிசையாகப் பன்னிரண்டு. நடுவில் ஒரு நாற்காலி போடத்தான் இடம் இருந்தது.

எனக்கு குரோஷா பைத்தியம். நூலும் கொக்கி ஊசியும் கிடைத்தால் சோறு தண்ணீர் வேண்டாம். அது அவருக்கும் தெரியும்.

"பெட்டியைப் பிரிக்கச் சொன்னா, நீ நூலைப் பிரிச்சுக்கிட்டு உட்காருவ. பொங்கிச் சாப்பிட ஒரு பாத்திரம் வெளியில வராது."

சிரித்துக்கொண்டே சொன்னார். எட்டு மாதம் கழித்து முதல் கிண்டல். உடனே ஒப்பந்தம் போட்டேன். ஒரு நாளைக்கு ஒரு பெட்டி. அதைப் பிரித்து அடுக்கி முடித்தால்தான் இரண்டு சதுரம் பின்னலாம். கைக்குட்டை அளவுச் சதுரங்கள், சாம்பல் நிறமும் கடுகு மஞ்சளும். இருபத்தேழு பெட்டி முடியும்போது ஐம்பத்துநாலு சதுரம். எல்லாவற்றையும் சேர்த்தால் ஒரு பெரிய போர்வை. இரண்டு பேருக்கும் ஒன்று. அதை வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது. மனதில் அதுதான் இருந்தது.

பல் டாக்டர் ஒருவரின் கிளினிக்கில் எனக்கு வரவேற்பு மேஜை வேலை. ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மாலை என்று மாறி மாறி வரும். வீடு மாறியதைச் சொல்லி, முதல் இரண்டு வாரமும் காலை ஷிஃப்டே வாங்கிக்கொண்டேன். எட்டிலிருந்து இரண்டு மணி வரை. என் ஷிஃப்ட் என்றைக்குமே அவர் மண்டையில் ஏறியதில்லை. இரண்டரைக்கு வீட்டுக்கு வருவேன். ஒரு பெட்டி, இரண்டு சதுரம். நோட்டில் எழுதுவேன்.

நான்காம் நாள் எதிர்ச்சுவரின் மேல் வரிசை முடிந்தது. பெட்டியை எடுத்ததும் பின்னால் ஒரு கண்ணாடி தெரிந்தது. சுவரிலேயே பதித்த பெரிய கண்ணாடி. மரச்சட்டம். நாற்காலியில் உட்கார்ந்தால் என் தலையும் கழுத்தும் தெரிந்தன. மீதியை அட்டைப்பெட்டிகள் மறைத்திருந்தன.

பரவாயில்லையே, வீட்டு ஓனர் நல்ல கண்ணாடியை விட்டு வைத்திருக்கிறாரே என்று சந்தோஷப்பட்டேன். தனியாக உட்கார்ந்து பின்னுகிறவளுக்கு ஒரு துணை.

அன்றைக்குக் கூடையில் எட்டுச் சதுரம் இருக்க வேண்டும். ஒன்பது இருந்தது. நான்தான் எண்ணத் தெரியாமல் எண்ணியிருப்பேன் என்று விட்டுவிட்டேன்.

ஆறாம் நாள். மணி 5.25. நோட்டில் பன்னிரண்டு. கூடையில் பதினேழு.

எல்லாவற்றையும் தரையில் பரப்பிப் பார்த்தேன். அதே நூல். அதே நிறம். அதே அளவு. ஆனால் ஐந்து சதுரம் என்னுடையது இல்லை. பார்த்ததும் தெரிந்தது.

எப்படி என்று கேட்பீர்கள். நான் பீச்சாங்கைக்காரி. சாப்பிடுவதைத் தவிர எல்லாம் இடது கைதான். என் வீட்டுக்காரர் எனக்கு வைத்த பட்டப்பெயரே பீச்சாங்கை ராணி. இடது கையால் பின்னினால் சுற்று கடிகார முள் போகிற பக்கம் போகும். ஊரில் மற்ற எல்லோரும் சோத்தாங்கையால் பின்னுவார்கள். அவர்கள் சுற்று எதிர்ப்பக்கம் போகும். கண்ணிகள் சாய்ந்திருப்பதைப் பார்த்தால் சின்னப் பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடும்.

அந்த ஐந்தும் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தன.

வேறொருத்தி பின்னியது. நான் இல்லாத நேரத்தில், என் வீட்டில், என் நாற்காலியில் உட்கார்ந்து, என் நூலை எடுத்து.

எனக்குப் பேய் நினைப்பே வரவில்லை. சத்தியமாக வரவில்லை. எவள் என்றுதான் தோன்றியது.

ஏழாம் நாள் வந்து பார்த்தால் சமையல் மேடையில் இரண்டு தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது. ஈரம் இன்னும் காயவில்லை. அவர் மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வருவார், அது தெரியும். ஒரு ஆளுக்கு எதற்கு இரண்டு தட்டு?

அன்று ராத்திரி சாப்பிடும்போது அவர் திடீரென்று சொன்னார்.

"மத்தியானம் எவ்வளவு நாளைக்கு அப்புறம் அப்படிச் சிரிச்சோம், இல்ல?"

மத்தியானம் நான் கிளினிக்கில் ஒரு கிழவரின் கடைவாய்ப் பல்லுக்கு நேரம் குறித்துக்கொண்டிருந்தேன்.

"ம்" என்றேன்.

அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். யாரோடு சிரித்ததை யாரிடம் வந்து சொல்கிறார், ஆள் மாறிப் போனதுகூடத் தெரியவில்லை என்று தட்டையே முறைத்தேன். கேட்டிருப்பேன். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் கேட்டால் கிளம்பிவிடுவார். கையும் களவுமாகப் பிடிக்காமல் வாயைத் திறக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

எட்டாம் நாள் இரண்டாம் வரிசைப் பெட்டிகளும் முடிந்தன. கண்ணாடியில் இப்போது மடி வரைக்கும் தெரிந்தது. பின்னுகிற கை தெரிந்தது. எனக்கு எதிரில் நானே உட்கார்ந்து பின்னினேன். அதையும் ரசித்தேன், பாவி.

ஒன்பதாம் நாள். கிளினிக்கில் பல் வலி என்று லீவு கேட்க முடியாது, உடனே நாற்காலியில் உட்கார வைத்துவிடுவார் டாக்டர். தலைவலி என்றேன். மணி 12.50க்குக் கிளம்பினேன். 1.07க்கு வீடு. வாசலில் அவர் வண்டி நின்றது.

வாசல் பக்கம் போகவில்லை. சுற்றிக்கொண்டு பின்கதவுக்குப் போனேன். செருப்பைக் கழற்றினேன். சாவியைச் சத்தமில்லாமல் திருப்பினேன்.

டிக்... டிக்... டிக்...

எனக்கு அந்தச் சத்தம் தெரியும். நான் கட்டைவிரலில் ஒரு மோதிரம் போட்டிருக்கிறேன். பின்னும்போது கொக்கி ஊசி அதில் தட்டும். அதே சத்தம். பின்கட்டு அறையிலிருந்து வந்தது.

மாட்டினாயடி என்று உள்ளே பாய்ந்தேன்.

யாரும் இல்லை. நாற்காலி காலி. தரையில் மஞ்சள் நூல்கண்டு மட்டும் மெதுவாக உருண்டுகொண்டிருந்தது. என் காலில் பட்டு நின்றது.

ஜன்னலில் கம்பி. வெளியே போக ஒரே வழிதான், நான் நின்ற வழி.

சாப்பாட்டு மேஜைக்குப் போனேன். அவர் தனியாக உட்கார்ந்திருந்தார். எதிரில் இன்னொரு தட்டு. சாப்பிட்டு முடித்த தட்டு. வாசல் கதவில் உள்தாழ்ப்பாள் போட்டிருந்தது.

அவர் நிமிர்ந்து என் யூனிஃபார்மைப் பார்த்தார்.

"என்ன, அதுக்குள்ள மாத்திட்டியா?"

ஷிஃப்டைக் கேட்கிறார் என்று நினைத்தேன். "ஆமா" என்றேன்.

"சரி, பார்த்துப் போ" என்று சொல்லிவிட்டு எழுந்து கையைக் கழுவினார். ஒரு பதற்றம் இல்லை. திருட்டு முழி இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவர் போனதும் கட்டிலுக்கு அடியில், பீரோவில், குளியலறையில், மொட்டை மாடியில் எல்லாம் தேடினேன். ஒருத்தியும் இல்லை.

பத்தாம் நாள். மணி 2.55. அன்றைய பெட்டியைத் தொடுவதற்கு முன்பே எண்ணிவிட வேண்டும் என்று தோன்றியது. கூடையைக் கவிழ்த்தேன். என்னுடையது பதினெட்டு. அவளுடையதும் பதினெட்டு.

ஒரு யோசனை வந்து, ஜோடி சேர்த்துப் பார்த்தேன்.

என் ஏழாவது சதுரத்தில் ஒரு தப்பு உண்டு. மூன்றாம் சுற்றில், ஒரு மூலையில் மூன்று கண்ணிக்குப் பதில் இரண்டுதான் போட்டிருந்தேன். அவிழ்க்கச் சோம்பல், விட்டுவிட்டேன். என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. நூல் நுனியிலிருந்து பார்த்தால் இடப்பக்கத்து மூலை.

அவளுடையதில் ஒன்றை எடுத்தேன். மூன்றாம் சுற்று. ஒரு மூலையில் இரண்டு கண்ணி.

நூல் நுனியிலிருந்து வலப்பக்கம்.

இன்னொன்றில் சாம்பல் நூல் தீர்ந்து நான் முடிச்சுப் போட்ட இடம். அவளுடையதிலும் முடிச்சு. எதிர்ப்பக்கம்.

பதினெட்டும் அப்படியே. என் தப்பெல்லாம் அங்கே இருந்தது. திருப்பிப் போட்டு இருந்தது.

அப்போதுதான் முதல் தடவையாக என் சந்தேகம் ஆடியது. எந்தப் பெண்ணும் ஒரு தப்பைப் பார்த்து இவ்வளவு சரியாகத் தப்புச் செய்ய மாட்டாள். அப்படியும் புத்தி வந்ததா? இல்லை. அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து என்னைப் பைத்தியமாக்கப் பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன். என்னை அடிக்க வேண்டும்.

பன்னிரண்டாம் நாள். மணி 2.48. எதிர்ச்சுவரின் கடைசிப் பெட்டியை நகர்த்தினேன். கண்ணாடி தரை வரைக்கும் வந்தது. இப்போது நான் முழுசாகத் தெரிந்தேன். நாற்காலி, கால், கூடை, எனக்குப் பின்னால் ஜன்னலுக்குக் கீழே அடுக்கிய பதினைந்து பெட்டி.

உட்கார்ந்து பின்ன ஆரம்பித்தேன்.

மணி 3.16. கண்ணி எண்ணிக்கை தப்பிவிட்டது. கண்ணாடியைப் பார்த்தபடி யோசித்தேன். எனக்குப் பின்னால் இருந்த பெட்டியில் அவர் எழுதியிருந்ததைச் சும்மா வாய்க்குள் படித்தேன்.

குடை, செருப்பு.

அதற்குக் கீழே... பழைய பேப்பர்.

மறுபடி படித்தேன்.

குடை, செருப்பு.

கண்ணாடியில் எழுத்து திரும்பித் தெரிய வேண்டாமா?

நேராக இருந்தது. ஒவ்வொரு எழுத்தும் நேராக.

என் கை நின்றுவிட்டது.

டிக்...

என் கை நின்றுவிட்டது. சத்தம் நிற்கவில்லை.

டிக்... டிக்...

எதிரில் இருந்தவள் பின்னிக்கொண்டே இருந்தாள். என் முகம். என் சேலை. தலை குனிந்திருந்தது. கொக்கி அவள் சோத்தாங்கையில்.

மூச்சு விடவில்லை நான்.

அவள் அந்தச் சுற்றை முடித்தாள். முடிச்சுப் போட்டாள். நூலைப் பல்லால் கடித்தாள்.

நிமிர்ந்தாள்.

என்னைப் பார்த்தாள்.

கொக்கியை... சோத்தாங்கையிலிருந்து... பீச்சாங்கைக்கு மாற்றினாள்.

எழுந்தாள்.

நான் எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. தெருவில் வெறுங்காலோடு நின்று அவருக்குப் போன் பண்ணினேன். "வாங்க" என்ற ஒரு சொல்தான் வந்தது. 3.40க்கு வந்தார். என்னைப் பார்த்துப் பயந்துபோய் என் கையைப் பிடித்தார்.

"என்னம்மா? என்ன ஆச்சு?"

"பின்னாடி ரூம்ல... அந்தக் கண்ணாடி..."

"எந்தக் கண்ணாடி?"

அவர் என்னை இழுத்துக்கொண்டு உள்ளே போனார். பின்கட்டு அறை. நாற்காலி. கூடை.

எதிரில் சுவர். வெறும் சுவர். ஆள் உயரத்துக்கு ஒரு சதுரம் மட்டும் சுண்ணாம்பு புதிதாக, கொஞ்சம் வெளுப்பாக இருந்தது. நான்கு மூலையிலும் ஆணி அடித்த ஓட்டை.

சத்தியத்தை மீறினேன். இனிமேல் என்ன?

"மத்தியானம் உங்ககூட உட்கார்ந்து சாப்பிடறாளே... யாருங்க அவ?"

அவர் கோபப்படவில்லை. அவருக்குப் புரியவே இல்லை.

"எவ? நீதான."

"நான் இல்லீங்க. ரெண்டு வாரமா ரெண்டு மணி வரைக்கும் நான் கிளினிக்லதான் இருக்கேன்."

"ஈவினிங் ஷிஃப்டுன்னு சொன்னியே. தினம் சாப்பிட்டு முடிச்சதும் டிரெஸ் மாத்தப் போறேன்னு உள்ள போவ. அன்னைக்கு யூனிஃபார்மோட வந்து நின்னப்போ, அதுக்குள்ள மாத்திட்டியான்னுகூடக் கேட்டேனே..."

நான் இடைமறித்தேன்.

"கையில என்ன வச்சிருந்தா?"

"குரோஷா."

"எந்தக் கை?"

அவர் யோசித்து, தன் சோத்தாங்கையை மெதுவாகத் தூக்கினார்.

"நான்கூடக் கேட்டேன். என்ன, பீச்சாங்கை ராணி கட்சி மாறிட்டாளான்னு. சிரிச்சா."

"என்ன சொன்னா?"

"இன்னும் கொஞ்ச நாள்தான், மாத்திக்கிறேன்னு சொன்னா."

அன்று மாலை 5.10க்கு அந்த வீட்டைப் பூட்டினோம். பதினைந்து பெட்டியையும் கூடையையும் விட்டுவிட்டு, என் நாத்தனார் வீட்டுக்குப் போய்விட்டோம். பெட்டிகளை ஆள் வைத்து எடுத்தோம். கூடையைக் கேட்கவில்லை.

சாவியைத் திருப்பிக் கொடுத்து மூன்று வாரம் கழித்து வீட்டு ஓனருக்கு நானே போன் பண்ணினேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"பின்னாடி ரூம்ல கண்ணாடி இருந்ததா சார்?"

"இருந்துச்சும்மா. போன வருஷமே எடுத்துப் பூசியாச்சு. முன்னாடி குடியிருந்தவர்தான் எடுக்கச் சொன்னாரு. ஏன், சரியாப் பூசலையா?"

"எதுக்கு எடுக்கச் சொன்னாரு?"

"அது என்னமோ... அந்த ஆளு கொஞ்சம் ஒரு மாதிரி. பொண்டாட்டி மேல என்னத்தையோ சந்தேகம். அந்தப் பொண்ணு தங்கமான பொண்ணும்மா. நல்லா எம்ப்ராய்டரி போடும். ஒண்ணுதான் எனக்கும் புரியல. குடி வந்தப்போ பத்திரத்துல கையெழுத்துப் போட்டுச்சு. காலி பண்ணப்போ சாவி குடுத்துட்டு இன்னொரு கையெழுத்துப் போட்டுச்சு. ரெண்டும் என்கிட்ட இருக்கு. முதல்ல சோத்தாங்கையில போட்டுச்சு. போறப்போ பீச்சாங்கையில."

"இப்ப அவங்க எங்க இருக்காங்க?"

"யாருக்குத் தெரியும்? ரெண்டு பேரும் சேர்ந்துதான் வண்டியில ஏறிப் போனாங்க."

போனை வைத்தேன். என் வீட்டுக்காரர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். ஸ்பீக்கரில் எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

இது நடந்து ஐந்து மாதம் ஆகிறது. இன்னொரு வீடு பார்த்து வந்துவிட்டோம். இந்த வீட்டில் முகம் பார்க்கிற கண்ணாடிகூட இல்லை. நான் பின்னுவதை விட்டுவிட்டேன். அவர் என்னை எதற்கும் திட்டுவதில்லை. கிளம்புகிறேன் என்றும் சொல்லவில்லை. நல்லபடியாகத்தான் பேசுகிறார். ஆனால் மறுபடியும் தனித்தனிப் போர்வை.

பேசும்போது அவர் என் முகத்தைப் பார்ப்பதில்லை. கையைப் பார்க்கிறார். சீப்பை எடுக்கும்போது, கதவைத் திறக்கும்போது, பேனாவைப் பிடிக்கும்போது. சந்தேகப்படாதே என்று என்னிடம் சத்தியம் வாங்கிய மனுஷன்.

நேற்று சாயங்காலம் 6.20க்கு அவரே டீ போட்டுக் கொண்டுவந்தார். டம்ளரை என் இரண்டு கைக்கும் சரி நடுவில், அளந்து வைத்தது போல் வைத்தார். நான் ஏதோ நினைப்பில் எடுத்துக் குடித்துவிட்டேன். எந்தக் கையால் எடுத்தேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை.

அவர் பார்த்தார். எழுந்து போய், உள் அறைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.